ரைன் கரையில் மரம், பாளையத்தில் வேப்பிலை

என் மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று நம்பினேன். அவள் இருப்பது ஜெர்மனியில், ரைன் ஆற்றுப் பக்கம் ஒரு சின்ன ஊரில். அந்த ஊர்க்காரர்கள் அவள் குடியிருக்கும் வீட்டில் இலையும் தழையுமாகக் கட்டி, இந்த வீட்டில் ஆத்தா இறங்கியிருக்கிறாள், யாரும் உள்ளே போகவேண்டாம் என்று ஊருக்குத் தெரிவித்திருக்கிறார்கள் என்றும் நம்பினேன். ஜெர்மன்காரனுக்கு ஆத்தாவை எப்படித் தெரியும் என்ற கேள்வி எனக்கு வரவில்லை. ஐம்பதைத் தாண்டியவன், மோட்டார் காயில் கட்டுகிறவன், கரண்ட் எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகிறது என்று ஊருக்கே விளக்குகிறவன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உத்தமபாளையத்தில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், எழுதுவதில் புதிதாகக் கெடுவதற்கு மானம் எதுவும் மிச்சமில்லை.

அன்று மே முதல் தேதி. என்னோடு வேலை பார்ப்பவர் மே தினம் என்று வரவில்லை. நானும் கடையை அடைத்துவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம். வீட்டில் இருப்பதற்குப் பயந்துதான் திறந்தேன். அவளுடைய அம்மா இல்லாமல் போன பிறகு மகளும் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போய்விட்டாள். அதிலிருந்து எனக்கு லீவு நாள் என்றால் ஆகாது. கடையில் இருந்தால் யாராவது எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் நாலு கிண்டல் பேசலாம். வீட்டில் குக்கர் ஒன்றுதான் சத்தம் கொடுக்கும், அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்ளும்.

மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். அதற்காக நான் வாரம் முழுக்க நகைச்சுவை சேர்த்து வைப்பேன். யார் மோட்டாரில் ஓணான் புகுந்தது, யார் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோனது என்று. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாக எடுத்து விடுவேன். நான் சொல்லி முடித்ததும் ஒரு சின்ன அமைதி இருக்கும். அத்தனை கடல் தாண்டிப் போய்ச் சேரவேண்டும் அல்லவா? அப்புறம் அவள் சிரிப்பு வரும். அந்த அமைதிதான் எனக்கு வாரத்திலேயே நீளமான நேரம்.

பத்து மணி தாண்டியிருக்கும். டீ குடித்துக்கொண்டே போனைத் தடவினேன். மகள் ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். ஒரே ஒரு படம், அதில் ஓர் எழுத்தும் இல்லை. அவள் குடியிருக்கும் வீட்டின் செங்கல் சுவர். அந்த வாசலை எத்தனை வீடியோ காலில் பார்த்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்வேன். வாசலை ஒட்டி, மழைத்தண்ணீர் இறங்கும் குழாயோடு சேர்த்து, ஒல்லியாக ஒரு முழு மரத்தையே வெட்டிக் கொண்டுவந்து நிமிர்த்திக் கட்டியிருந்தார்கள். உச்சி, கூரையைத் தாண்டிப் போயிருந்தது. இளம்பச்சையாகக் குட்டி குட்டி இலை. கிளைக்குக் கிளை மஞ்சளும் சிவப்புமாக நாடா. நடுவில் கயிற்றில் ஒரு சிவப்புப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் சித்திரை மாதம் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் என்னைக் கொஞ்சம் மன்னிப்பார்கள். வீரபாண்டியில் அம்மன் கோயில் வாசலில் கம்பம் நட்டிருந்தார்கள். மூன்று கிளை பிரிந்த மரத்தை நட்டு, திருவிழா முடியும் வரை ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். தேனி போகிற பஸ்ஸில் ஏறினால் மஞ்சள் துணி கட்டியவர்கள் பாதி. வெயில் மண்டையைப் பிளக்கிற மாதம், அம்மை போடுகிற மாதமும் அதுதான். வாசலில் வேப்பிலை தொங்கினால் அந்த வீட்டில் அம்மை. யாரும் உள்ளே போகமாட்டார்கள், இரவல் கேட்கமாட்டார்கள். உள்ளே குழம்பு தாளிக்கமாட்டார்கள். இது போதாதென்று கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு தகரம் அடித்து நோட்டீஸ் ஒட்டியதை வேறு பார்த்தவன் நான். இப்போது சொல்லுங்கள். பச்சை இலை, மஞ்சள் நாடா, சிவப்பு நாடா, பலகை. என் தலைக்குள் இருந்த காயில் அந்த இடத்தில் எரிந்தது.

கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை கூப்பிடக் கை போனபோதுதான், அம்மை கண்ட வீட்டில் போய்ச் சத்தமாகப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பது நினைவுக்கு வந்தது. போன் மணிக்கும் அது பொருந்துமா? யாரிடம் கேட்பது? வீட்டில் இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தவள் அவள் அம்மாதான்.

அதற்குப் பிறகு நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். கடைக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தில் ஏறினேன். ஒரு கொத்து ஒடித்தேன். இறங்கும்போது சட்டைப்பை கிழிந்தது. அந்தக் கொத்தை என் கடை ஷட்டரில் செருகினேன். மகள் வீடு என்றால் அது என் வீடும்தானே என்று அப்போது தெளிவாகத்தான் தோன்றியது. பிறகு வீட்டுக்குப் போய், மத்தியானம் தாளித்துக்கொள்ளலாம் என்று காலையில் வைத்துவிட்டு வந்த பருப்புக் குழம்பைத் தாளிக்காமல் அப்படியே இறக்கி வைத்தேன். ஏழு கடலுக்கு அப்பால் இருக்கிறவளுக்காக உத்தமபாளையத்தில் கடுகு போடாமல் இருந்த ஒரே தகப்பன் நானாகத்தான் இருப்பேன். குழம்புக்கு முன்னால் நின்று, குணமானால் வீரபாண்டிக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் தாயே என்று நேர்ந்துகொண்டேன். நெருப்புப் போட்ட மண்சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு கோயிலுக்கு நடக்கவேண்டும். சால்டரிங் இரும்பு சுட்டாலே அரைநாள் ஊதிக்கொண்டிருக்கிற கை இது. (எடுத்தாயா என்று கேட்கிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன், எடுத்தேன். கை சுடவில்லை, தோள்பட்டைதான் ஒரு வாரம் என்னைத் திட்டியது.)

கடைக்குத் திரும்பினால் தெருவே என்னைச் சுற்றி வளைந்து போனது. சரிசெய்த பம்பை வாங்க வந்த குச்சனூர்க்காரர் ஒருவர், எதிர்ச் சாரியிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்.

“யாருக்கு?” என்றார் அங்கிருந்தே.

“மகளுக்கு.”

“புள்ள வந்துருக்கா?”

“இல்ல. ஜெர்மனில இருக்கா.”

அவர் வேப்பிலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “நாளைக்கு வாரேன்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அந்த மனிதர் பம்பை எடுக்க அடுத்த மாதம்தான் வந்தார்.

பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் என் கூட்டாளி. எனக்கு அவர் பாய், அவருக்கு நான் மாப்ள. சொந்தமில்லை, பள்ளிக்கூடத்துப் பழக்கம். அவர் மட்டும்தான் பயப்படாமல் வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தார். போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார்.

“ஏன் மாப்ள, அம்ம போட்டவ எந்திரிச்சு வெளிய வந்து, தெருவுக்குப் போயி, தள்ளி நின்னு போட்டோ எடுத்து, ஸ்டேட்டஸ் வேற போடுவாளா?”

நான் இதை யோசித்திருக்கவில்லை. யோசிக்காததைக் காட்டிக்கொள்ளவும் முடியாது.

“வேற யாராச்சும் எடுத்துக் குடுத்துருப்பாக.”

“இது வேப்பெலயே இல்ல. வெள்ளப் பட்டையா இருக்கு பாரு.”

“அங்கன வேம்பு கெடைக்காது. கெடைச்சதக் கட்டிருக்காக.”

பாய் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கிறது போல. “ராயப்பன்பட்டில ஒரு சிஸ்டர் லீவுக்கு வந்துருக்காக” என்றார். “ரொம்ப வருசமா ஜெர்மனி ஆஸ்பத்திரில இருந்தவுக. அவுக தம்பி தோட்டத்து மோட்டாருதான ஒங்கிட்டக் கெடக்கு. போயிக் கேளு. இங்கன ஒக்காந்து எலயக் கட்டிட்டுக் கெடந்தா ஒண்ணும் தெரியாது.”

அந்தத் தம்பியின் மோட்டார் என் கடையில் மூலையில் கிடப்பது உண்மை. இரண்டு வாரமாக நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லி அவரைப் பார்த்தால் ஒளிந்துகொண்டிருந்தேன். அந்த வீட்டுக்கே போகவேண்டும். மகளுக்காக எதையும் தாங்கலாம் என்று பெரிய தியாகியைப் போல வண்டியை எடுத்தேன்.

ராயப்பன்பட்டி பத்து நிமிடத்து வழிதான். வழியெல்லாம் ஒரு பக்கம் திராட்சைப் பந்தல், ஒரு பக்கம் வாழை. மத்தியானத்து வெயிலில் ரோட்டில் ஆள் கிடையாது. அந்த வழி நெடுக என் மகளுக்கு யாருமில்லாத ஊரில் யார் தண்ணீர் கொடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு போனேன். அவள் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில். அத்தனை கிழவர்களுக்கும் தண்ணீர் கொடுப்பவள் அவள். அவளுக்கு ஒருத்தர் வேண்டாமா? கண் கரித்தது. ஹெல்மெட்டுக்குள் பூச்சி விழுந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை.

தம்பிக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மோட்டார் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். அடுத்த நொடி இரண்டு அடி பின்னால் போனார்.

“ஒங்களுக்கு அம்மன்னு சொன்னாக?”

செய்தி என்னைவிட வேகமாக ராயப்பன்பட்டிக்கு வந்து சேர்ந்திருந்தது. “எனக்கில்ல, சிஸ்டரப் பாக்கணும்” என்றேன். உள்ளேயிருந்து சிஸ்டர் எட்டிப் பார்த்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். வெள்ளை உடுப்பு, கையில் முருங்கைக்கீரை. கீரை உருவிக்கொண்டே வந்தார். “வாங்க தம்பி, அம்மயெல்லாம் எனக்குச் சின்னப் புள்ளயிலயே போட்டாச்சு, திரும்ப வராது” என்று பாயை விரித்தார்.

போனை நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. கீரையெல்லாம் மடியிலிருந்து தரையில் விழுந்தது.

“தம்பி, இது அம்ம இல்ல. ஒங்க மகள ஒரு பையன் விரும்புறான்.”

வாழ்க்கையில் ஒரு செய்தி என்னை இப்படி ஆக்கியதில்லை. அம்மை இல்லை என்று கேட்டு உயிர் வந்தது. வந்த உயிர் உட்காருவதற்குள் அடுத்த வரி அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

சிஸ்டர் கீரையைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். ஏப்ரல் கடைசி ராத்திரி அங்கே பெரிய ராத்திரி. வால்புர்கிஸ் ராத்திரி என்று பெயர். கன்னியாஸ்திரியாக இருந்த ஒரு புனிதையின் திருநாள் அது. வேறு தேசத்திலிருந்து ஜெர்மனிக்கு ஊழியத்துக்கு வந்தவர். “எங்கள மாதிரி” என்றார். ஆனால் திருச்சபை வருவதற்கு முன்னாலிருந்தே அந்தச் சனங்கள் அந்த நாளில் குளிர்காலத்தை விரட்டி நெருப்புக் கொளுத்திக்கொண்டிருந்தவர்கள். அன்றைக்கு மலையில் சூனியக்காரிகள் கூடுவார்கள் என்பது அவர்கள் பேச்சு. இரண்டும் கலந்து கிடக்கிறது. ஒரு பக்கம் பூசை, ஒரு பக்கம் நெருப்பும் கூத்தும்.

“நம்மூர்ல மட்டும் என்னவாம்?” என்றார். “அங்கன ஊர் நடுவுல கம்பம் மாதிரி ஒரு பெரிய மரத்த நடுறாக, சுத்தி ஆடுறாக. அது ஊருக்கு. ரைன் பக்கத்துல இன்னொண்ணு உண்டு. அந்த ராத்திரி பயலுக காட்டுல போயி இந்த மாதிரி பிர்ச் மரத்த வெட்டிட்டு வந்து, கலர் காகிதத்துல நாடா கட்டி, விரும்புற புள்ள வீட்டுல கட்டிட்டுப் போயிருவாக. காலைல எந்திரிச்சுப் பாத்தா மரம் நிக்கும். அந்தச் செவப்புப் பலக இருக்குல்ல, அது ஹார்ட்டு மாதிரி வெட்டுன பலக. மறுபக்கம் புள்ள பேரு எழுதிருக்கும். போட்டோல பின்பக்கம் தெரியுது.”

அம்மை கண்ட வீடு என்று ஊர்க்காரர்கள் எழுதித் தொங்கவிட்டதாக நான் நினைத்த பலகை அது.

“மரம் ஒரு மாசம் நிக்கும். ஜூன் ஒண்ணாந் தேதி பையனே வந்து அவுத்துட்டுப் போகணும். அன்னைக்குப் புள்ளயோட அப்பா அவனுக்கு ஒரு பெட்டி பீரு குடுக்கணும். அம்மா கேக்கு சுட்டுக் குடுக்கணும். அதான் முறை.”

“பீரா?”

“நான் சொல்லல தம்பி. அவுக முறை.”

நான் கொஞ்ச நேரம் பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தேன். “அம்மா இல்லாத புள்ளைக்கு?” என்று கேட்டேன்.

சிஸ்டர் கீரை உருவுவதை நிறுத்தினார். “அப்ப அப்பாதான் சுடணும்” என்றார்.

அப்புறம் என் முகத்தைப் பார்த்து, பேச்சை மாற்றுவதற்காகத்தான் என்று நினைக்கிறேன், இன்னொன்று சொன்னார். “எங்க மடத்து வாசல்லயே ஒரு வருசம் மரம் கட்டிட்டுப் போயிட்டாக.”

“கன்னியாஸ்திரி மடத்துலயா? யாருக்கு சிஸ்டர்?”

“இன்னைய வரைக்கும் தெரியல. பலகைல பேரு இல்ல. ஏதோ வெளையாட்டுப் பயலுக வேல. மதர் எல்லாரையும் கூப்டு விசாரிச்சாக. அம்புட்டுப் பேரும் எனக்கில்ல, எனக்கில்லன்னோம்.” சிரித்தார். “ஆனா ஒரு மாசமும் ஜன்னல் பக்கம் போறப்ப ஆளுக்கு ஒரு தடவ எட்டிப் பாத்துக்கிட்டோம். வந்த புதுசு எனக்கு. பாஷ தெரியாது. பனி. ஒருத்தரும் நம்மளப் பேரு சொல்லிக் கூப்புட மாட்டாக. அந்த மரம் காஞ்சு எல உதுந்தப்ப எனக்கு ஏனோ அழுகையா வந்துச்சு.”

தம்பிக்காரர் வாசலிலிருந்து இருமினார். மோட்டாருக்கான இருமல் அது. நாளைக்கு என்று சொல்லிவிட்டு எழுந்தேன். இந்தத் தடவை நாளைக்கு என்றால் நாளைக்குத்தான் என்றேன். அவர் நம்பவில்லை.

திரும்பும்போது நேராகக் கடைக்குப் போக முடியவில்லை. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுப் படித்துறையில் உட்கார்ந்தேன். முல்லையாற்றில் தண்ணீர் குறைவாகத்தான் ஓடியது. பழைய பயம் போய்ப் புதுப் பயம் வந்திருந்தது. முதல் பயத்துக்கு வேப்பிலை செருகலாம், கடுகைக் குறைக்கலாம், நேர்ந்துகொள்ளலாம். இந்தப் பயத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை.

ஜூன் மாதம் அவள் லீவில் வருவதாக இருந்தது. தேனியில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் பையனைப் பற்றிப் பேசி வைத்திருந்தேன். வேலையை அங்கே விட்டுவிட்டுத் தேனி ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்துவிடுவாள், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவாள், நானே போய்ப் பார்ப்பேன் என்றெல்லாம் எனக்குள்ளேயே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். அவளிடம் இதையெல்லாம் கேட்டதில்லை. நகைச்சுவைதான் சொல்லியிருக்கிறேன்.

இப்போது மரம் கட்டியவன் ஒருத்தன் வந்துவிட்டான். உயரமாக இருப்பான். அவ்வளவு பெரிய மரத்தைத் தனியாகத் தூக்கி நிறுத்தியிருக்கிறான் என்றால் பயில்வானாகத்தான் இருக்கவேண்டும். அவனோடு நான் என்ன பாஷையில் கிண்டல் பேசுவது? நான் சொல்வதை அவள் மொழிபெயர்த்து, அவன் சிரித்து, அந்தச் சிரிப்பு கடல் தாண்டி வந்து சேருவதற்குள் நான் அடுத்ததைச் சொல்லியிருப்பேன். பேரப்பிள்ளை என்னிடம் ஜெர்மனில் என்னவோ கேட்கும், நான் ஆமாம் என்று தலையாட்டுவேன். அது ‘நீங்கள் செத்துவிட்டீர்களா தாத்தா’ என்று கேட்டிருக்கும்.

எதற்குப் பயந்தேன் என்று அந்தப் படித்துறையில் உட்கார்ந்து தோண்டிப் பார்த்தேன். சாதி, சனம், ஊர் என்ன சொல்லும், அதெல்லாம் மேலாகத்தான் கிடந்தது. அடியில் இருந்தது இதுதான். அவள் இதை என்னிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டாம் என்று நினைத்திருக்கிறாள். நான் கோபித்துக்கொண்டால் இன்னும் சொல்லமாட்டாள். முதலில் அந்தப் பையனைப் பற்றிச் சொல்லமாட்டாள். பிறகு உடம்பு சரியில்லை என்பதைச் சொல்லமாட்டாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவது பத்து நிமிடம் ஆகும், ஐந்து நிமிடம் ஆகும். நல்லா இருக்கேன்பா, சாப்டீங்களாப்பா. அவ்வளவுதான்.

அதைவிட பீர்ப் பெட்டி மேல் என்று முடிவெடுத்தேன். யாராக இருந்தாலும் சரி என்று சொல்லிவிடுவது. அதையும் அவள் சிரிக்கிற மாதிரிச் சொல்வது. தண்ணீரைப் பார்த்து இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வாளியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனார்.

கடைக்கு வந்து ஷட்டரிலிருந்த வேப்பிலையை எடுத்தேன். பாய் பக்கத்திலிருந்து பார்த்தார்.

“எறங்கிருச்சா?”

“அம்ம இல்ல பாய். காதலு.”

“அதுக்கு என்னா எல கட்டணும்?”

ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கடுகு இல்லாத குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். வெளியே வெளிச்சம் இன்னும் இருந்தது, அங்கே மத்தியானமாக இருக்கும். போனை எடுத்து அழுத்தினேன். இந்தத் தடவை எடுத்தாள். வீடியோ வைக்கவில்லை. “அப்பா” என்றாள்.

ஒத்திகை பார்த்ததை மறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மூச்சு விடாமல் ஆரம்பித்தேன். “ஆத்தா, மரம் பாத்தேன். எல்லாம் விசாரிச்சுட்டேன், முறையெல்லாம் எனக்கும் தெரியும். யாரா இருந்தாலும் சரி, அப்பாவுக்குச் சம்மதம். கேக்கு நான் குக்கர்ல சுட்டு அனுப்புறேன். வந்து சேருறப்பக் கல்லா இருக்கும், பையன் மரத்தையே தூக்குனவன், கடிச்சுத் திம்பான். பீரு மட்டும் நீ அங்கன பாத்துக்க. நான் இங்கன அந்தக் கடை வாசல்ல நின்னா ஊரே வேற கத கட்டிரும்.”

சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தேன். வழக்கமான அமைதி. கடல் தாண்டட்டும் என்று இருந்தேன். தாண்டியிருக்கும். திரும்பியும் வந்திருக்கும். சிரிப்பு வரவில்லை.

“அப்பா.”

“சொல்லு ஆத்தா.”

“அது எனக்கில்லப்பா.”

வாழ்க்கையில் பதில் கிண்டல் கைவசம் இல்லாத இடம் அது ஒன்றுதான்.

“மாடில ஒரு ஜெர்மன்காரப் புள்ள குடியிருக்காள்ல, அவளுக்கு” என்றாள். “காலைல கதவத் தெறந்தேன், நின்னுச்சு. எனக்கு இங்கன யாருப்பா கட்டுவாக? ஆனாலும் ஒரு நிமிசம்… போயிப் பலகையத் திருப்பிப் பாத்தேன். அவ பேரு.”

“அப்புறம் ஏன் ஆத்தா படம் போட்ட?”

“அழகா இருந்துச்சு. பலகைய மறுபடி திருப்பி விட்டுட்டு எடுத்தேன். கூடப் படிச்சவளுக எல்லாம் யாருடி, யாருடின்னு கேக்குறாளுக. எனக்கில்லன்னு நான் சொல்லல.” மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “இப்ப ஒங்கட்டதான் சொல்றேன்.”

நான் அம்மை என்று நினைத்த கதையைச் சொன்னேன். மரம் ஏறியது, சட்டை கிழிந்தது, குச்சனூர்க்காரர் ஓடியது, தாளிக்காத குழம்பு. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தீச்சட்டி வந்தபோது சிரித்தாள். அழுதுகொண்டே சிரிக்கிற சத்தம் போனில் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. பிறகு இரண்டு பேருமே போனை வைக்கவில்லை. அங்கே குழாயில் தண்ணீர் விழுந்தது, அடுப்பில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. இங்கே நான் தட்டைக் கழுவினேன்.

மாடிப் பெண்ணின் பையன் ஜூன் முதல் தேதி வந்து மரத்தை அவிழ்த்துக்கொண்டு போனான். என் மகள் அந்த மாதம் லீவில் வந்தாள். தேனிப் பையனைப் பார்க்காமலே வேண்டாம் என்றாள், லீவு முடிந்ததும் திரும்பிப் போனாள். போகும் முன்னால்தான் சொன்னாள், அந்த மே முதல் தேதி காலையில் நான் கூப்பிட்ட இரண்டு தடவையும் அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அறையில் தனியாக, எடுத்தால் அழுதுவிடுவோம் என்று எடுக்காமல் உட்கார்ந்திருந்தாளாம்.